கோடு சொல்வதும் குச்சி கொண்டுவந்ததும்

சென்ற ரமளானில் ஒரு நாள், நோன்பு திறக்க அரை மணி நேரம் இருந்த வேளையில் எங்கள் உம்மா மிகவும் சோர்ந்துபோனார்கள். பல ஆண்டுகளாக இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள். மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் நோன்பு வைக்கிறார்கள். வீட்டிலிருந்த குளுக்கோமீட்டரில் பார்த்தோம். 318 என்று காட்டியது. பகல் முழுவதும் எதுவும் உண்ணாதவருக்கு இவ்வளவு ஏறுமா என்ற ஐயம் எங்களில் எவருக்கும் எழவில்லை. எண்ணைக் கண்டதும் வீடே பதறியது. கூடுதலாக ஓர் அளவு போட்டுவிடலாம் என்று இன்சுலின் பேனாவை எடுத்தும் விட்டோம். செவிலியர் படிப்புப் படிக்கும் தங்கை மகள்தான், "மாமா, நன்னிம்மா கையைக் கழுவினாங்களா?" என்று கேட்டாள்.

உம்மா அதற்குச் சற்று முன்புவரை, பள்ளிவாசலுக்கு அனுப்புவதற்காகப் பேரீச்சம்பழங்களிலிருந்து கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்கள். கையைத் துணியில் துடைத்திருந்தார்கள், அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மீண்டும் பார்த்தபோது 96. அந்த இன்சுலினைப் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்கவே இன்றும் நமக்கு நடுக்கமாக இருக்கிறது.

கருவியில் பழுதில்லை. விரலிலிருந்த பழச்சர்க்கரை இரத்தத் துளியோடு கலந்து ஸ்ட்ரிப்புக்குள் சென்றது. கருவி தனக்குக் கொடுக்கப்பட்டதை உள்ளபடியே அளந்து சொன்னது. 2011-ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர்கள் இதையே சோதித்து எழுதியிருக்கிறார்கள். பழம் உரித்த விரலில் அளவு பொய்யாக உயர்ந்தது. ஆல்கஹால் பஞ்சால் ஐந்து முறை துடைத்தும் அந்தப் பொய் முழுமையாக நீங்கவில்லை. குழாய் நீரில் கழுவியபோதுதான் நீங்கியது. உளூச் செய்து பழகிய சமுதாயத்திற்கு இது கடினமான பாடமன்று. ஆயினும் தொழுகைக்குக் கழுவும் கையை ஊசிக்கு முன் கழுவ நமக்குத் தோன்றுவதில்லை. கழுவ வழியில்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாம் துளியை எடுக்க வேண்டும். துளி வரவில்லையென்று விரலைப் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வந்து அளவைக் கெடுக்கும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்தால் காற்றின் ஈரம் அதைக் கெடுத்துவிடும்.

நம் இல்லங்களில் இன்று பல பரிசோதனைகளை நாமே செய்கிறோம். சர்க்கரை, கர்ப்பம், கொரோனா எனப் பெட்டி பெட்டியாக மருந்துக்கடையில் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. "எல்லாம் வியாபாரம், எதையும் நம்பாதே" என்பது ஒன்று. "மெஷினே சொல்லிவிட்டது" என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் மறுக்கிறோம். மெஷின் பார்ப்பது நோயாளியை அன்று, நோயாளியிடமிருந்து எடுத்து வரப்பட்ட துளியை. எடுத்த கை எது, எடுத்த கருவி எது என்று கேட்காமல் நம்புவதும் தவறு, தள்ளுவதும் தவறு. மதரஸாவில் ஹதீஸ் பாடம் ஓதும்போது, வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவிப்பாளர் வரிசையைப் பார்க்காமல் ஏற்பதில்லை. பரிசோதனையில் முதல் அறிவிப்பாளர் அந்தச் சிறு குச்சிதான்.

குச்சி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மூக்கில் விடும் நல்ல ஸ்வாப்பின் நுனியில் நுண்ணிய நைலான் இழைகள் வெல்வெட்டுத் துணியைப் போல நிமிர்ந்து நிற்கும். சளியும் செல்களும் அந்த இழைகளுக்கிடையே மேலாகத் தங்கி, திரவத்தில் சுழற்றியதும் கழன்று இறங்கிவிடும். சுற்றிய பஞ்சோ உறிஞ்சியதைத் தன் உள்ளேயே வைத்துக்கொள்ளும். மரக்குச்சியில் உள்ள சில பொருள்கள் பரிசோதனையையே கெடுக்கக்கூடும் என்பதால், கொரோனாவுக்குச் செயற்கை இழையும் பிளாஸ்டிக் அல்லது கம்பித் தண்டும் உள்ள ஸ்வாப்பையே பயன்படுத்துமாறு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவுறுத்தியது. இத்தாலியின் பிரெஷ்யா நகரிலுள்ள கோப்பான் நிறுவனம் இவ்வகை ஸ்வாப்புக்குப் பெயர் பெற்றது. 2020 மார்ச்சில், அந்த வட்டாரமே நோயால் நிலைகுலைந்திருந்த நாட்களில், இலட்சக்கணக்கான ஸ்வாப்புகளை அமெரிக்க இராணுவ விமானம் இத்தாலியிலிருந்து ஏற்றிச் சென்றது. ஒரு வல்லரசு குச்சிக்காக விமானம் அனுப்பியது! நம் வீட்டிலோ, பெட்டியிலிருந்த ஸ்வாப் கீழே விழுந்துவிட்டால் காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொள்கிறோம்.

பி.சி.ஆர். பரிசோதனையில், கிடைத்த கிருமியின் மரபுப்பொருளை இயந்திரம் பன்மடங்காகப் பெருக்கிப் பார்க்கும். ஆகவே மாதிரி சற்றுக் குறைந்தாலும் கண்டுபிடிக்க வழியுண்டு. விரைவுப் பரிசோதனை எதையும் பெருக்குவதில்லை. கொடுத்தது எவ்வளவோ அவ்வளவுதான். இன்னொன்றை நம்மில் பெரும்பாலோர் அறியமாட்டோம். அட்டையில் 'சி' என்ற எழுத்தருகே தோன்றும் கோடு, திரவம் ஒழுங்காக ஓடியது என்பதற்கு மட்டுமே சாட்சி. மூக்கையே தொடாத குச்சியைக் கரைத்து ஊற்றினாலும் பெரும்பாலான கிட்களில் அந்தக் கோடு அழகாக வரும். நோயில்லாதவரின் அட்டையும், மாதிரியே சரியாக எடுக்கப்படாத நோயாளியின் அட்டையும் ஒன்றுபோலவே இருக்கும்.

இதை நாம் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. கொரோனாக் காலத்தில் பாடங்கள் மீண்டும் தொடங்கியபோது, நாம் பணிபுரிந்த மதரஸா விடுதியில் அறுபது மாணவர்களுக்கு ஆன்டிஜென் பரிசோதனை நடந்தது. வந்தவர்கள் இருவர். லுஹருக்குள் முடித்துத் தாருங்கள் என்று அவர்களை விரட்டியவர்கள் நாம்தாம். குச்சி மூக்கின் வாயிலைத் தொட்டதும் வெளியே வந்தது. பிள்ளைகளுக்கும் அது வசதியாக இருந்தது. அனைவருக்கும் 'நெகட்டிவ்'. இருமலோடும் காய்ச்சலோடும் இருந்த ஒரு மாணவனுக்கும் அதுவே. அவனை மற்றவர்களோடு படுக்க வைத்தோம். நான்கு நாட்களில் பதினோரு பேருக்குக் காய்ச்சல். பிறகு பி.சி.ஆர். எடுத்ததில் அவனுக்குத் தொற்று உறுதியானது. எங்கள் முதிய சமையல்காரர் ஒன்பது நாட்கள் மருத்துவமனையில் கிடந்து மீண்டார், அல்ஹம்து லில்லாஹ். அறிகுறி உள்ளவருக்கு விரைவுப் பரிசோதனையில் 'நெகட்டிவ்' வந்தால் கட்டாயம் பி.சி.ஆர். எடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஜூனிலேயே அறிவுறுத்தியிருந்தது. நாம் அதை விசாரிக்கவில்லை.

மலேரியாவின் கதையும் இத்தகையதே. அதன் விரைவுப் பரிசோதனைக்குப் பொதுவாக வேண்டியது ஐந்து மைக்ரோலிட்டர் இரத்தம், அதாவது ஒரு நீர்த்துளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. குறைந்தால் கிருமி தென்படாது. கூடினால் அட்டை முழுதும் சிவந்து கோடே மறைந்துவிடும். இதனை எடுத்து வைக்க எந்தச் சிறு கருவி ஏற்றது என்று நைஜீரியா, பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு ஆய்வு செய்தார்கள். கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டே மிகச் சரியான அளவைத் தந்தது. பெட்டியிலுள்ள திரவம் தீர்ந்துவிட்டதென்று வெறும் தண்ணீரை ஊற்றினாலோ, இல்லாத மலேரியாவும் இருப்பதாகக் கோடு விழக்கூடும்.

பொய்ச்சாட்சி சொல்லும் குச்சிகளும் உண்டு. 2007-இல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் பெண் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த மரபணு, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் நாற்பதளவான இடங்களில் கிடைத்த ஒரே பெண்ணின் மரபணுவாக இருந்தது. அவளைக் காவல்துறை ஆண்டுக்கணக்கில் தேடியது. 2009-இல்தான் உண்மை வெளிவந்தது: அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. மாதிரி எடுத்த பஞ்சுக்குச்சிகளிலேயே, அவற்றைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் மரபணு ஒட்டியிருந்தது. கிருமி நீக்கிய குச்சிதான். ஆனால் கிருமி நீக்கம் மரபணுவை நீக்குவதில்லை.

நோன்பைப் பற்றி ஒரு சொல். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது; ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இதுவே நிலை. ஆகவே நோன்பைக் காரணம் காட்டிச் சர்க்கரை பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். மூக்கில் ஆழமாக ஸ்வாப் விடுவது குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவுவரை பொறுக்க இயலுமானால் இரவில் எடுங்கள். ஆனால் நோன்பு போய்விடுமோ என்று அஞ்சி, "மேலாகத் தொட்டு எடுத்தால் போதும்" என்று எடுப்பவரிடம் கெஞ்சாதீர்கள். அப்படி எடுத்ததற்கு எடுக்காமலே இருக்கலாம். எடுக்காதவராவது தமக்கு நோயில்லை என்று எண்ணிக்கொண்டு முதியவர்களோடு போய் அமரமாட்டார்.

நம் மஹல்லாக்களில் மருத்துவ முகாம் நடந்தால், எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது என்பதையே சுவரொட்டியில் பெரிதாகப் போடுகிறோம். மாதிரியை யார் எடுத்தார், அவர் பயிற்சி பெற்றவரா, கிட்டின் காலாவதித் தேதி என்ன, அதனுடன் வந்த குச்சியைத்தான் பயன்படுத்தினார்களா என்று எந்த நிர்வாகியும் கேட்டு நாம் கண்டதில்லை. ஐந்நூறு பேரை அவசரமாகத் தொடுவதைவிட நூறு பேரை ஒழுங்காகப் பரிசோதிப்பது மேல் என்று ஜமாஅத்தாரிடம் சொல்லியிருக்கிறோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. நூறு என்று போட்டால் பக்கத்து மஹல்லாவைவிடக் குறைவாகத் தெரியுமாம். எனினும் வரும் முகாமில் சர்க்கரை பார்க்கும் மேசையை ஹவுளுக்கு அருகிலேயே போட இசைந்திருக்கிறார்கள். சோப்பும், கை துடைக்கும் காகிதமும் எங்கள் வீட்டிலிருந்து வரும். உம்மா அதை இப்போதே வாங்கி வைத்துவிட்டார்கள்.