மேலே தமிழ், உள்ளே இங்கிலீஷ்!



திருவதிகைக்கு வருகின்ற எவரிடமும் நம் ஊர்ப் பெரியவர்கள் முதலில் சொல்லுவது, அப்பர் தம் முதல் பதிகத்தை இங்கேதான் பாடினார் என்பதாகும். சூலைநோய் தீர்ந்த கதையை நாம் நம்புகின்றவர்கள் அல்ல. வயிற்றுவலிக்கு வைத்தியம்தான் வேண்டும். ஆனாலும் அவர் ஜனங்களுக்கு விளங்குகின்ற பாஷையில் பாடினார் என்பது மெய். அந்தப் பெருமையைப் பேசித் திரிகின்ற கனவான்களை ஒன்று கேட்கின்றோம். உங்கள் தெருச் சாக்கடைக்குப் போட்ட எஸ்டிமேட்டை என்றைக்காவது படித்ததுண்டா? படித்தால்தான் விளங்குமா?

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1956-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. பிறகு ஆட்சிச் சொல் அகராதி வந்தது. தமிழ் வளர்ச்சித் துறை என்று தனியாக ஒரு துறையே வந்தது. ஜில்லாதோறும் அத்துறை அதிகாரி ஆபீஸ் ஆபீஸாகச் சென்று கோப்புகளில் தமிழ் இருக்கின்றதா என்று பார்க்கின்றார். ஆட்சிமொழிச் சட்ட வாரம், பயிலரங்கம், ஊர்வலம் எல்லாம் நடக்கின்றன. தேர்வாணையப் பரீட்சையில் தமிழ்த் தாளில் நூற்றுக்கு 40 வாங்காதவர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வர முடியாதென்று 2021-ல் உத்தரவும் ஆயிற்று. எல்லாம் நல்ல காரியங்களே.

நிற்க, ஒரு முனிசிபாலிட்டியில் நடந்ததைக் கேளுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். தையற்காரத் தோழர் ஒருவர், தம் தெருவில் புதிதாகக் கட்டிய சாக்கடை முதல் மழைக்கே நிரம்பி வீட்டுக்குள் ஏறியதைக் கண்டு, 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி தமிழில் மனுப் போட்டு, எஸ்டிமேட்டுக்கும் அளவுப் புத்தகத்துக்கும் நகல் கேட்டார். பதில் வந்தது. மேற்கடிதம் சுத்தத் தமிழ். திருவள்ளுவர் ஆண்டுகூடப் போட்டிருந்தது. பொருள், பார்வை, இணைப்பு என்று இலட்சணமாக எழுதியிருந்தது. இணைப்பைப் புரட்டினால் பதினொரு பக்கமும் இங்கிலீஷ்!

தோழர் அதை நம்மிடம் கொண்டுவந்தார். நாமோ எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பழைய அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் கற்றவர். பாதிதான் விளங்கியது. ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து வரிவரியாகக் கேட்டோம். ஐந்தாம் பக்கத்தில், சாக்கடையின் ஆழம் மூன்றடி என்று இருந்தது. தையற்காரத் தோழர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், கழுத்தில் கிடந்த தம் அளவு நாடாவாலேயே சாக்கடையை அளந்துவிட்டு வந்தார். இரண்டடிகூட இல்லை.

அந்த ஓரடி எங்கே போயிற்று? அந்தப் பதினொரு பக்கத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. புரோகிதர் சொல்லுகின்ற மந்திரம் விளங்கிவிட்டால் தட்டில் விழுகின்ற காசு குறையும். காண்டிராக்டரின் கணக்கு விளங்கிவிட்டால் எவ்வளவு குறையும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அந்த ஆபீஸ் குமாஸ்தா பொல்லாதவர் அல்லர். “அண்ணே, ரேட்டு அட்டவணை மேலேயிருந்து இங்கிலீஷில் வருகிறது. இன்ஜினீயர் படித்தது இங்கிலீஷ். கம்ப்யூட்டரில் படிவமும் இங்கிலீஷ். நான் மட்டும் தமிழில் எழுதினால் கையெழுத்து ஆகாமல் திரும்பி வரும்” என்றார். தமிழில் சொல் இல்லை என்றும் சிலர் சொல்லுகின்றார்கள். செங்கல், ஜல்லி, கலவை, பூச்சு, சாரம், ரசமட்டம், தூக்குக்குண்டு என்று கொத்தனாரும் சித்தாளும் பேசித்தானே அந்தச் சாக்கடையைக் கட்டினார்கள்? கட்டுவதற்கு இருக்கின்ற சொல் கணக்கு எழுதுவதற்கு மட்டும் இல்லாமற் போகுமா? சிமெண்டைச் சிமெண்டு என்றே எழுதட்டும். நம் பக்கத்துப் புலவர்கள் சிலர், யாருக்கும் விளங்காத தனித்தமிழ்ச் சொல்லைக் கொண்டுவந்து நுழைப்பதும் இன்னொரு மந்திரந்தான். பாஷையைத் தெய்வம் என்று கும்பிடவும் நாம் சொல்லவில்லை. அது மண்வெட்டி போன்ற ஒரு கருவி. படம் மாட்டி மாலை போட்ட மண்வெட்டியால் எந்த வாய்க்காலும் வெட்டுப்படாது.

இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக் கிடக்கின்ற வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். அந்நாட்டுப் பாஷையாகிய வெல்ஷ் பேசுகின்றவர் 2021 ஜனக்கணக்குப்படி ஏறக்குறைய 5,38,000 பேர். நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை. அங்கே டிரெவர் பீஸ்லி, எய்லீன் பீஸ்லி என்று ஒரு தம்பதிகள். புருஷர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. நெய்வேலித் தோழர்கள் கவனிக்க. 1952-ல், லானெல்லி ஊரகக் கவுன்சில் அனுப்பிய வரிச் சீட்டு இங்கிலீஷில் இருக்கின்றது, வெல்ஷில் வந்தால்தான் வரி கட்டுவோம் என்று நின்றார்கள். பலதடவை கோர்ட்டுக்கு இழுத்தார்கள். வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்தார்கள், பியானோவும் போயிற்று. அவர்கள் அசையவில்லை. 1960-ல் இரண்டு பாஷையிலும் சீட்டு வந்தது. 1993-ல் ஒரு சட்டமும் 2011-ல் இன்னொரு சட்டமும் செய்து, வெல்ஷைப் புறக்கணிக்கின்ற கவுன்சிலுக்கு 5,000 பவுன் வரை அபராதம் என்று வைத்தார்கள். குவினெத் என்ற கவுன்சிலில் ஆபீஸுக்குள் நடக்கின்ற வேலையே வெல்ஷில்தான் நடக்கின்றது. ஐந்தரை லட்சத்துக்கும் குறைந்த ஜனங்களால் ஆனது, ஆறு கோடிக்கு மேற்பட்ட நமக்கு ஆகாதா? நம் 1956 சட்டத்தில் அபராதம் என்று ஒரு வரி உண்டா?

நெய்வேலியின் சங்கதி வேறு. நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டது 1956 நவம்பரில். ஆட்சிமொழிச் சட்டத்துக்கு ஆறு வாரம் மூப்பு. நகரியத்தைக் கம்பெனியே நிர்வகிக்கின்றது. மத்திய சர்க்காரின் 1976-ம் வருஷத்து ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குச் செல்லா என்று அவ்விதிகளிலேயே எழுதியிருக்கின்றது. நம் மாநிலச் சட்டமோ மாநில சர்க்கார் காரியங்களுக்கு உரியது. இந்தி வராமல் நின்ற நாற்காலியில் தமிழ் தானாக வந்து உட்கார்ந்துவிடாது, இங்கிலீஷ்தான் உட்காரும்.

ஆகையால் கவுன்சிலர்களாக இருக்கின்ற தோழர்கள், அடுத்த கூட்டத்தில் ஊர்வலத்துக்கும் பரிசுக்கும் பணம் கேட்பதற்கு முன், எஸ்டிமேட்டும் அளவுப் புத்தகமும் டெண்டர் விளம்பரமும் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். எதிர்த்துக் கை தூக்குகின்றவர் யார் யார் என்பதை ஜனங்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

தையற்காரத் தோழர் அந்தப் பதினொரு பக்கத்தையும், “தமிழில் அனுப்புக” என்று ஒரு வரி எழுதி, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே தாம் அளந்த ஆழத்தையும் குறித்திருக்கின்றார். பதில் இன்னும் வரவில்லை.