இன்ஜினை மாத்தினீங்க சரி... பிரேக்கை யாருங்க பார்க்கிறது?

போன மாசம் கொல்லிமலைக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல்ல அவரோட பழைய பெட்ரோல் ஜீப். "மாப்ள, டீசல் இன்ஜின் மாட்டியாச்சு. இனி கவலையில்ல"ன்னு சிரிச்சார். சரி ஓட்டிப் பார்ப்போம்னு ஏறினேன். செம்மேட்டுல இருந்து சோளக்காடு போறதுக்குள்ள எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு. பிரேக்கை மிதிச்சா கருங்கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கு!

கேட்டா, "டீசல்னா அப்படித்தான் இருக்கும்னு மெக்கானிக் சொன்னாரு"ங்கிறார். என்ன அநியாயம் இது?

விஷயம் ரொம்ப சின்னதுங்க. மாமா வண்டியில பிரேக் பூஸ்டர் உண்டு. அதுக்கு வேக்குவம் வேணும். பெட்ரோல் இன்ஜின் காத்தை இழுக்கிறப்போ அந்த வேக்குவம் தானா கிடைச்சுடும். டீசல்ல அது கிடைக்காது, தனியா ஒரு பம்ப் வேணும். பெரும்பாலும் ஆல்டர்னேட்டருக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு இருக்கும். நம்ம ஆளு பழைய இரும்புக்கடையில இன்ஜினை மட்டும் வாங்கிட்டு, பெட்ரோல் வண்டியோட ஆல்டர்னேட்டரையே திருப்பி மாட்டியிருக்கார். கொஞ்சம் காசு மிச்சம். காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவு இருக்கே, அதை யார் கணக்குல எழுதுறது?

உடனே சண்டைக்கு வராதீங்க. இன்ஜின் மாத்துறதே தப்புன்னு நான் சொல்லலை. மலைமேல காப்பியும் மிளகும் அன்னாசியும் வெச்சிருக்கிறவன் பெட்ரோல் ஊத்திக் கட்டுப்படியாகாது. மஹிந்திரா கம்பெனியே வில்லிஸ் காலத்து 2199 சிசி பெட்ரோல் இன்ஜினை விட்டுட்டு டீசலுக்கு வந்துச்சு. 2112 சிசி பெஜோ இன்ஜின் போட்ட ஜீப்புங்க இன்னைக்கும் ஓடுது. ஆனா கம்பெனி மாத்தறப்போ ரேடியேட்டர், ஸ்பிரிங், கிளட்ச் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கும். நம்ம ஊர்ல "உக்காந்துடுச்சா? ஓடுதா? முடிஞ்சுது". முன்பக்கம் கனம் கூடி பட்டை தொங்குது, அதை யாரும் திரும்பிக்கூட பார்க்கிறதில்லை.

இதுக்கு மேல ஒரு கூத்து இருக்கு. 2523 சிசி டிஐ இன்ஜின் கீழ் வேகத்துல நல்லா இழுக்கும், ஆனா 3200 ஆர்பிஎம் வாக்கில மூச்சு முட்டும். பெட்ரோல் இன்ஜின் அளவுக்கு சுத்தாது. அதனால டாப் ஸ்பீடு குறையும். மலை வண்டிக்கு அது நல்லதுதானே? இல்லையாம்! நாமக்கல் ரோட்டுல லாரியை ஓவர்டேக் பண்ணணுமாம். அதுக்காக கிரவுன் பினியனையும் மாத்திடறாங்க. ரேஷியோ மாறினா அதே இரண்டாவது கியர்ல வண்டி இன்னும் வேகமா இறங்கும், இன்ஜின் பிடிப்பு குறையும். அப்புறம் மொத்த பாரமும் டிரம் பிரேக் மேலதான். பத்து வளைவு தாண்டினா டிரம் சூடேறி வாசம் வரும். பழைய ஜீப் பலதுல பிரேக் லைன் ஒரே ஒரு சர்க்யூட். ஒரு இடத்துல ஆயில் கசிஞ்சா நாலு வீலும் போச்சு. பின்னாடி மூட்டைக்கு மேல ஏழெட்டு பேர் உக்காந்திருப்பாங்க, அதுல பள்ளிக்கூடப் பசங்களும் இருப்பாங்க.

ஆர்.சி. புக் பத்திக் கேட்டேன். மாமா தலையைச் சொறிஞ்சார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு இன்ஜின் மாத்த அனுமதி கேக்குது. அனுமதி இல்லாம மாத்தினா 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும். புக்குல ஒரு நம்பர், பிளாக்குல வேற நம்பர்னு இருந்தா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பார்க்கிறதே அதைத்தான். "அதெல்லாம் யாரு பார்க்கறா"ன்னு சொல்ற மெக்கானிக்குங்க அன்னைக்கு கோர்ட்டுக்கு வந்து நிப்பாங்களா?

வேலை தெரிஞ்ச மெக்கானிக்குங்க நாமக்கல்லயும் சேலத்துலயும் நிறைய இருக்காங்க, ஒத்துக்கறேன். அவங்ககிட்ட போனா கூலி கொஞ்சம் கூடுதல். இன்ஜினுக்குக் கொட்டிக் கொடுத்தவங்க, பம்புன்னதும் பேரம் பேசறதுதான் எனக்கு எரியுது.

பம்ப் வெச்ச ஆல்டர்னேட்டர் கிடைக்கிற வரைக்கும் வண்டியை இறக்கக் கூடாதுன்னு சாவியை நானே எடுத்துட்டு வந்துட்டேன். அன்னாசி லோடு வாடகை வண்டியில போச்சு. வாடகையைக் கேட்டதுல இருந்து அத்தை என்கிட்ட பேசறதில்லை.