யார் அந்த மச்சான்?

தவணைப் பரீட்சை முடிந்த அன்று பின்னேரம் என் வகுப்புத் தோழியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். "சரி மச்சான், நாளைக்குக் காண்போம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், கதவடியில் உம்மும்மா நிற்கிறார்.

"ஆரு புள்ள அந்த மச்சான்?"

எங்கள் ஊரில் மச்சான் என்றால் மாமி மகன், கட்டிக்கொள்ளும் முறைக்காரன். உம்மும்மாவே தன் மாப்பிள்ளையைக் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டாராம். தோழியின் பெயரைச் சொன்னேன், நம்பவில்லை. உம்மா கோல் எடுத்து அவளுடைய குரலைக் கேட்டபிறகும், போன் மூன்று நாள் அலுமாரிக்குள் இருந்தது.

அந்த மூன்று நாளும் நான் அந்தச் சொல்லைப் பற்றித்தான் யோசித்தேன். தமிழரின் உறவுமுறைச் சொல் அது. சிங்களத்துக்குப் போய் நண்பனைக் கூப்பிடும் சொல்லானது. இலங்கை ஆங்கிலத்திலும் ஏறிக்கொண்டது. இன்று கொழும்பு பஸ்ஸில் எந்த இனத்துப் பிள்ளையும் மற்றவனை அப்படி அழைப்பதைக் கேட்கலாம். மாமி மகனை வழியிலே இறக்கிவிட்டுத்தான் அது எங்கள் வகுப்பறைக்கு வந்திருக்கிறது.

இளைஞர் சொற்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. சிங்கள நண்பிகள் 'எலகிரி' என்று பாராட்டுவார்கள். பசுப்பால் என்பதே அதன் நேர்ப்பொருள். ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர்கள் 2023 ஆம் ஆண்டின் சொல்லாகத் தெரிவுசெய்த 'ரிஸ்', 'கரிஸ்மா' என்பதன் நடுத்துண்டு என்கிறார்கள். பெரியவர்களும் சிரிக்க வேண்டாம். 1839 இல் பொஸ்டன் பத்திரிகையொன்று, 'எல்லாம் சரி' என்பதற்கான ஆங்கிலச் சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுத்துக்கூட்டி, முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்ட பகிடிதான் 'ஓகே'. வாப்பா அதை லுஹருக்கு முன்னரே 14 தடவை சொன்னார். எண்ணிப் பார்த்தேன்.

ஆனால் எல்லாச் சொல்லுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சினிமா வழியாக வந்த 'ஃபிகர்', 'சரக்கு' இரண்டையும் எடுங்கள். ஒன்று வெறும் உருவம். மற்றது கடையில் விலைபேசும் பொருள். இரண்டும் பெண்ணுக்குப் பெயராகிவிட்டன. எங்கள் வகுப்பிலேயே, பக்கத்து வகுப்புப் பிள்ளையைப் பற்றி அவற்றைச் சிரித்துக்கொண்டு சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

போன் அலுமாரிக்குள் இருந்த அதே கிழமை, டீவிப் படத்தில் கதாநாயகன் தெருவில் போன பெண்ணைப் பார்த்து 'சரக்கு' என்றான். வீட்டில் எல்லோரும் இருந்தோம். நானா சிரித்தார். ஒருவரும் ரிமோட்டைத் தேடவில்லை. உம்மாவிடம் கேட்டேன். "அது படம்தானே மகள்" என்றார்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பிள்ளையின் வாயில் புதுச்சொல் வந்தால், பெற்றோர் முதலில் அதன் பொருளைக் கேட்கட்டும். கோபம் பிறகு வரட்டும். கேட்டால் சொல்லத் தெரிந்த சொற்களை மட்டும் நாங்களும் பேசுவோம்.

அந்த இரண்டு சொற்களையும் நான் விட்டுவிட்டேன். மச்சானை விடுவதாக இல்லை.