தூசு தச்சரின் தலைவிதியா?

தச்சுத் தொழில் எமது மண்ணுக்குப் புதியதன்று. தேரும் சகடையும், வண்டியும் கலப்பையும், வீட்டு நிலையும் கதவும் செய்து தந்த கைகள் தலைமுறை தலைமுறையாக எம்மிடையே வாழ்ந்து வருகின்றன. இன்று அக்கைகளுக்கு மின்சாரம் துணை வந்திருக்கிறது. வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் ஒரு வட்டவாளும், ஓர் இயந்திரச் சீவுளியும், ஒரு தேய்ப்பு இயந்திரமும் வைத்துத் தொழில் செய்வோரை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் காணலாம். உத்தியோகத்தினின்று இளைப்பாறியபின் பொழுதுபோக்காக மரவேலையில் இறங்கிய ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் உளர். இயந்திரங்கள் கொட்டிலினுள் வந்துவிட்டன. அவை கிளப்பும் தூசை வெளியேற்றும் ஏற்பாடு மட்டும் பல கொட்டில்களில் இன்னும் வந்து சேரவில்லை. இக்குறையைப் பற்றியே நாம் இன்று பேச முற்படுகிறோம்.

“எங்கள் பாட்டனார் முதுமை வரையில் மரத்தூளில் நின்றுதானே உழைத்தார், அவருக்கு என்ன வந்தது?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் பாட்டனாரின் கையில் இருந்தவை வாய்ச்சியும் உளியும் சீவுளியும் கைவாளுமாகும். அவற்றால் விழுந்த சீவலும் சிராயும் காலடியிலே கிடந்தன; மாலையில் கூட்டி அள்ளினால் அடுப்புக்கு உதவின. இன்றைய தேய்ப்பு இயந்திரமோ நிமிடத்துக்குப் பத்தாயிரம் தரமளவில் அதிர்ந்து மரத்தை மாவாக்குகின்றது. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். 10 மைக்ரோனுக்கு உட்பட்ட துகளோ மூச்சோடு நெஞ்சுக்குள் இறங்கவல்லது. கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்காகக் காற்றில் மிதப்பதும் அதுவே. இயந்திரத்தை நிறுத்தி, முகத்துணியை அவிழ்த்துவிட்டு, ஆறுதலாகத் தேநீர் அருந்தும் வேளையிலும் தச்சர் அதையே சுவாசிக்கின்றார்.

இதன் விளைவை உலகம் அறியாததன்று. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் நகரம் நாற்காலிகளுக்குப் பேர்போனது. அங்கே தளபாடத் தொழிலாளரிடையே மூக்கினுள் வரும் ஓர் அரிய புற்றுநோய் அளவுக்கு மீறிக் காணப்படுவதைக் காது மூக்குத் தொண்டை மருத்துவரான எஸ்மே ஹட்பீல்ட் அம்மையார் கவனித்தார். அவரும் டொனால்ட் அச்சிசன் முதலியோரும் செய்த ஆய்வு 1968ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதலாம் தொகுதியிலே சேர்த்தது. பிரித்தானியாவில் வன்மரத் தூசு, எட்டு மணிநேர வேலைநாளின் சராசரியில், ஒரு கனமீற்றர் காற்றில் 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்றிருந்த விதி 2020இல் 3 மில்லிகிராமாக இறுக்கப்பட்டது. ஓர் அரிசிமணியின் எடையில் இது ஒரு சிறு பங்கேயாகும்.

புற்றுநோய் சிலருக்கே வரலாம். மூச்சிழுப்பும் தோல் அரிப்பும் தீராச் சளியும் அதனிலும் பலருக்கு வருவன. எம்மவர் விரும்பும் முதிரையின் தூளும் தேக்கின் தூளும் தோலில் அரிப்பை உண்டாக்கவல்லவை. இன்று மலிந்துவிட்ட எம்.டி.எப். பலகையை அறுக்கும்போது மரத்தோடு பசையும் சேர்ந்தே தூளாகின்றது.

பட்டறை வீட்டிலே இருப்பது தொல்லையை இரட்டிப்பாக்குகின்றது. ஆலைத் தொழிலாளி வேலை முடிந்ததும் தூசை விட்டு நீங்கி வீடு செல்கிறார். வீட்டுக் கொட்டிலில் உழைப்பவரின் தூசு குசினிக்கும் குழந்தையின் ஏணைக்கும் செல்கின்றது. எமது நாட்டின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆள்வைத்து வேலைகொள்ளும் இடங்களை நோக்கி ஆக்கப்பட்டது. தன் கொட்டிலில் தானே முதலாளியும் தொழிலாளியுமாக நிற்பவரைக் காக்க எந்தப் பரிசோதகரும் வரப்போவதில்லை. தம்மைத் தாமே காத்துக்கொள்வதன்றி அவருக்கு வேறு வழியில்லை.

எப்படிக் காத்துக்கொள்வது? வாசலில் ஒரு மின்விசிறியைச் சுழலவிடுவது போதாது. அது தூசைக் கலக்கி எங்கும் பரப்பும். முகக்கவசம் நன்று, ஆனால் அது அணிந்தவரை அணிந்திருக்கும் வரையிலேயே காக்கும். தூசு பிறக்கும் இடத்திலேயே, அது காற்றிற் கலக்குமுன், அதைப் பிடித்துவிட வேண்டும் என்பதே நாம் வற்புறுத்தும் கொள்கை. மற்றவையெல்லாம் இதற்குத் துணையே.

உறிஞ்சிகள் இருவகையின. ஒன்று, ஒடுங்கிய குழாயால் வலிந்து இழுப்பது. இழுக்கும் காற்றின் அளவு சிறிது. கையிற் பிடிக்கும் தேய்ப்பு இயந்திரத்துக்கும் கை வட்டவாளுக்கும் இது ஏற்றது. மற்றது, அகன்ற வாயால் பெருமளவு காற்றை இழுப்பது. மேசை வட்டவாளுக்கும் இயந்திரச் சீவுளிக்கும் இதுவே வேண்டும். ஒன்றின் வேலையை மற்றதிடம் கேட்டால் பணம் வீணாகும். பணம் குறைந்தவர் முதலில் தேய்ப்பு இயந்திரத்துக்கு ஓர் உறிஞ்சியைப் பூட்டட்டும். மிக நுண்ணிய தூசு பிறப்பது அங்கேதான்.

குழாயின் கணக்கைத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். மரத்தூள் குழாயிலே படியாமல் ஓடவேண்டுமானால் காற்று நொடிக்கு 20 மீற்றர், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 அடி வேகத்தில் ஓடவேண்டும். அவ்வேகத்தில் 4 அங்குலக் குழாய் நிமிடத்துக்கு 350 கன அடி காற்றைக் கொண்டுசெல்லும். 6 அங்குலக் குழாய் 780 கன அடிக்கு மேல் கொண்டுசெல்லும். பெரிய இயந்திரத்துக்குப் பெரிய குழாய் சிறந்தது என்பது இதனாற் பெறப்படும். ஆனால் சிறிய மோட்டர் உடையவர் 6 அங்குலக் குழாயில் ஆசை வைக்கலாகாது. வேகம் குறைந்து தூள் வழியிலேயே தங்கிவிடும். அவர் உறிஞ்சியைச் சில்லுப் பூட்டிய பலகையில் ஏற்றி, இயந்திரத்துக்கு இயந்திரம் உருட்டிச் சென்று, குறுகிய குழாயால் இணைத்துக்கொள்வதே புத்தி. எவ்வகையாயினும் நெளிகுழாய் குறுகியதாகவும், வளைவுகள் சிலவாகவும் மெல்லியனவாகவும் இருக்கட்டும். வேலையில்லாத கிளைகளை அடைத்து வைக்கட்டும்.

உறிஞ்சிக்கு முன்னே ஒரு சுழற்கூம்பும் அதன் அடியில் ஒரு வாளியும் வைப்பது நலம். தூற்றும்போது மணி அருகே விழப் பதர் தள்ளிப் பறப்பதுபோல, சுழலும் காற்றில் பாரமான தூள் சுவரோடு ஒதுங்கி வாளியில் விழும். நுண்தூசு மட்டுமே மேற்செல்லும். அந்நுண்தூசை எங்கே விடுவது? மலிவான உறிஞ்சிகளின் துணிப்பைகள் பருந்தூளைப் பிடித்து நுண்தூசைத் திரும்பவும் கொட்டிலுக்குள்ளேயே கக்குகின்றன. கண்ணுக்குச் சுத்தம், நெஞ்சுக்கு நஞ்சு என்னும் நிலை இதுவே.

இங்கே எமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. குளிர்நாட்டார் காற்றை வெளியே விட்டால் வீட்டின் வெப்பமும் சேர்ந்து போய்விடும். ஆகவே விலையுயர்ந்த வடிகட்டிகளை வாங்குகின்றனர். எமக்கு அக்கவலை இல்லை. கூம்பைக் கடந்த காற்றைச் சுவருக்கு வெளியே விட்டுவிடலாம். ஆனால் அயலவரின் வேலியை நோக்கியோ, கிணற்றடியை நோக்கியோ, குசினி அடுப்பை நோக்கியோ விடுவது அறமன்று. வீடுகள் நெருங்கிய இடத்தில் 1 மைக்ரோன் வரையில் பிடிக்கும் வடிகட்டியே வேண்டும். வாளியை நிரம்புமுன் வெறிதாக்குவதும், உலோகப் பகுதிகளைப் புவித்தொடுப்புச் செய்வதும், ஆணியை வெட்டிய தீப்பொறி குழாயுட் புகாது காப்பதும் மறக்கலாகாதவை. நுண்ணிய மரத்தூள் தீயை விரும்பி அழைக்கும் பொருள். மாலையில் உலர்ந்த தூளை விளக்குமாற்றாற் கிளப்பாமல் உறிஞ்சியாலோ ஈரத்தாலோ அகற்றுவது நன்று.

செலவைக் காட்டித் தயங்குவோருக்கு ஒரு வார்த்தை. வாள் வாங்குபவர் வாள் அலகையும் சேர்த்தே வாங்குகிறார். அலகில்லாத வாள் வாளாகாது என்பது அவருக்குத் தெரியும். உறிஞ்சியும் அவ்வாறே இயந்திரத்தின் ஓர் உறுப்பென்று கணக்கிடப்பட வேண்டும்.

2009இல் போர் ஓய்ந்தபின் வாழ்வாதார உதவியென எம் இளைஞருக்குத் தச்சுக் கருவிகள் வழங்கப்பட்டன. வழங்கியோரை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் இனி வழங்குவோர் வாளோடு உறிஞ்சியையும் வழங்குதல் வேண்டும். தச்சுப் பயிற்சி தரும் நிலையங்கள் சீவுளி பிடிக்கக் கற்பிக்கும் நாளிலேயே தூசு பிடிக்கவும் கற்பித்தல் வேண்டும். ஒரு கிராமத்துத் தச்சர்கள் ஒன்றுசேர்ந்து கூம்பும் குழாயும் மொத்தமாக வாங்கினால் ஆளுக்குரிய செலவு குறையும். கூட்டுறவு எமக்கு அந்நியமானதன்று.

ஊருக்குக் கதவும் கட்டிலும் செய்து தருபவரின் மூச்சு ஊரின் சொத்து. தூசைத் தலைவிதியென்று தோளிற் சுமந்தது போதும். அதை வாளிக்குள் அடைக்கும் வழி கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கின்றது.