முதலீட்டு வங்கியும் மலையகப் பட்டதாரியும்

திறமை உள்ளவருக்கு எக்கதவும் திறக்கும் என்பது, நிதித்துறையை நாடும் மலையக மாணவருக்கு வழங்கப்படும் அறிவுரைகளுள் மிக மலிவானது. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ தமிழ்மொழி மூலம் உயர்தரம் கற்று, கலைப்பீடத்தில் பொருளியல் பயின்று வெளியேறும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குக் கொழும்பின் முதலீட்டு வங்கியொன்றில் இடம் கிட்டவில்லையாயின், குறை அப்பிள்ளையிடமே என்பது இவ்வறிவுரையின் மறுபுறம். இது பொய்யுரை.

கம்பனிகளின் பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவருதல், ஒரு கம்பனியை இன்னொன்று வாங்கும்போது விலை மதிப்பிடுதல், பெருங்கடன் திரட்டிக் கொடுத்தல் ஆகியவையே முதலீட்டு வங்கியின் தொழில். ஐந்தொகையை வாசிக்கவும், நாளை வரும் பணத்தின் இன்றைய பெறுமதியைக் கணிக்கவும் அறிந்தவர் இதில் அடியெடுத்து வைக்கலாம். இதற்கு வேண்டிய கணிதம் தேவரகசியமன்று. பின் தடை எங்கே உள்ளது?

இத்தொழிலின் தாயகங்களிலேயே இவ்வினாவுக்கு விடை கிடைத்துள்ளது. அமெரிக்கச் சமூகவியலாளர் லோரன் ரிவேரா 2015இல் வெளியிட்ட நூல், முதலீட்டு வங்கிகள் முதலான நிறுவனங்கள் ஆட்களைத் தெரியும்போது கற்ற கழகத்தின் பெயரையும், ஓய்வுநேர விளையாட்டையும், நேர்முகம் காண்பவரோடு பேச்சு ஒத்துப்போவதையும் திறமையாக எண்ணிக்கொள்கின்றன எனக் காட்டிற்று. பிரித்தானியாவின் சமூக நகர்வு ஆணைக்குழு 2016இல் வெளியிட்ட ஆய்வோ, இலண்டன் முதலீட்டு வங்கிகளில் கோட்டுச் சூட்டுடன் கபில நிறச் சப்பாத்து அணிந்து வருவதுகூட விண்ணப்பதாரருக்குப் பாதகமாகலாம் என்றது. சப்பாத்தின் நிறத்துக்கும் வட்டிக் கணக்குக்கும் என்ன உறவு? மலையகத்தாருக்கு இது புதுமையுமன்று. கொழும்பு, கண்டிப் பெருங்கல்லூரிகளின் றக்பி மைதானங்களிலிருந்து சின்னத்துரைமார் தோட்டங்களுக்கு வந்திறங்கியதைக் கண்ட சமூகமன்றோ அது!

அடுத்த தடை பணம். உள்ளகப் பயிற்சி பெறாதவரை இத்துறை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அப்பயிற்சிக்கோ கொழும்பில் மாதக்கணக்கில் அறை வாடகையும் உணவும் வேண்டும்; கொழும்பில் வீடுள்ளவருக்கு இவை செலவே அல்ல. பட்டய நிதிப் பகுப்பாய்வாளர் பரீட்சையை எத்துறைப் பட்டதாரியும் எழுதலாம் என்பது உண்மையே. பல்கலைக்கழகப் பெயரின் குறையை ஓரளவு ஈடுசெய்யும் நேர்மையான வழியும் அதுவே. ஆயினும் பரீட்சை ஆங்கிலத்தில். மூன்று நிலைகளில் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 2022இல் ஏறக்குறைய 1000 டொலராக இருந்தது. 2022இல் டொலர் 300 ரூபாயைத் தாண்டியபோது, ஒரே நிலைக்கான கட்டணம் அந்நாளைய 1000 ரூபாய் நாட்சம்பளத்தில் 300 நாட் கொழுந்துக்குச் சமமாயிற்று. இந்நிலையில் விண்ணப்பிக்காதிருப்பவரைப் பார்த்து முயற்சி போதாது என்பவர், விலைப்பட்டியலைப் பார்த்ததில்லை.

தொழிலாளியின் பிள்ளை முதலாளித்துவத்தின் கருவறைக்குள் ஏன் புக வேண்டும் என வினவும் முற்போக்காளரும் உளர். அவர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. 1992இல் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அவற்றின் பங்குகள் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தன. லயன் கூரையின் விதியும் கொழுந்தின் கூலியும் அன்றுமுதல் ஐந்தொகைகளின் மொழியிலேயே வாதிக்கப்படுகின்றன. 2019 கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்க. அடிப்படைச் சம்பளம் 500 ரூபாயிலிருந்து 700 ரூபாயாயிற்று. 40 சதவீத உயர்வு எனப் பறைசாற்றப்பட்டது. 2016 ஒப்பந்தத்திலோ 500 ரூபாயோடு வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்குக் கொடுப்பனவு 30 எனச் சேர்ந்து மொத்தம் 730 ரூபாய் இருந்தது. புதியதில் முதலிரண்டும் மறைந்தன, மூன்றாவது 50 ஆயிற்று, மொத்தம் 750. சேமலாப நிதிக் கணிப்பில் தொழிலாளி பயனடைந்தது மெய்யே. ஆயினும் எல்லாக் கொடுப்பனவும் பெற்றுவந்தவரின் நாட்கூலியில் கூடியது 20 ரூபாய். கம்பனிகள் உற்பத்திச் செலவைக் காட்டிக் கையை விரிக்கும்போது, அக்கணக்கைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி பெற்றவர் எதிர்ப்புறத்தில் எத்தனை பேர்? அப்பயிற்சி நிதி நிறுவனங்களின் அறைகளிலேயே கிடைப்பது. அங்கே போகாதே என்பது, கற்காதே என்பதன் வேறுபெயர்.

பல்கலைக்கழகங்களும் இதில் குற்றமற்றவையல்ல. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, எழுபதுகளில்தான் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத்தொடங்கிய ஒரு சமூகத்திற்கு ஆசிரியத் தொழில் முதற் படியாக அமைந்தது இயல்பு. அப்படியில் நின்றோரின்றி இன்று பட்டதாரி எவருமில்லை. அதற்காக, மலையகத்திலிருந்து வரும் மாணவனைக் கண்டவுடன் ஆசிரிய நியமனமே கதி என எண்ணி, புள்ளிவிபரவியலையும் கணக்கியலையும் அவன் பக்கமே காட்டாதிருப்பது அன்பாகாது. கலைப்பீடத்தில் நிதிக் கணக்கியலை விருப்பப் பாடமாக்கப் பெருஞ்செல்வம் தேவையில்லை.

நிறுவனங்கள் செய்யவேண்டியதும் அரிதன்று. விண்ணப்பப் படிவத்திலிருந்து பாடசாலைப் பெயரை நீக்குக. பயிற்சிக்கு வாழ்க்கைச் செலவுக்குப் போதிய ஊதியம் கொடுக்க. முதற் தெரிவை எழுத்துப் பரீட்சையாக்கி, அதன் நிலையமொன்றை ஹற்றனிலும் வைக்க. தோட்டக் கம்பனிகளின் பங்குகளை விற்றுக் கொடுத்துத் தரகு பெறும் நிறுவனங்கள், அத்தோட்டங்களின் பிள்ளைகளை ஒரு பரீட்சை மண்டபத்திலேனும் சந்திக்க மறுப்பதற்கு எக்காரணத்தைக் கூறப்போகின்றன?