தானாகச் சரியாகாது

“இயற்கையை அதன் போக்கில் விட்டுவிட்டால் போதும், தானாகவே மீண்டுவிடும்.” ஊரடங்குக் காலத்தில் ஆளில்லாத சாலையில் மான் நடக்கிற வீடியோக்களுக்குக் கீழே முளைத்த வாக்கியம் இது. வைரஸ் போனாலும் இது போகவில்லை. நம் இலக்கிய நண்பர்களுக்கு ரொம்பப் பிடித்தமானது. கவிதையில் வருகிறது, முன்னுரையில் வருகிறது, கூட்டங்களில் கைதட்டு வாங்குகிறது. சும்மா இருப்பதை இவ்வளவு அழகாக நியாயப்படுத்த வேறு வாக்கியம் கிடையாது. அதனால்தான் எனக்கு இதன் மேல் கோபம்.

இதை நம்புகிறவர்கள் ஒரு சின்னத் தீவின் கதையைக் கேட்க வேண்டும். நியூசிலாந்தில், ஆக்லாந்துக்கு அருகே ஹவுராக்கி வளைகுடாவில் இருக்கிறது டிரிட்டிரி மாட்டாங்கி. மொத்தமே 220 ஹெக்டேர். மாவோரிகள் வாழ்ந்த தீவு. பிறகு ஐரோப்பியக் குடியேறிகளின் பண்ணை நிலம். மேய்ச்சலுக்காகக் காட்டை அழித்து அழித்து, கடைசியில் சில பள்ளங்களில் மட்டும் பழைய மரங்கள் மிஞ்சின. 1971இல் மேய்ச்சல் குத்தகை முடிந்தது. ஆடுமாடுகளை வெளியேற்றிவிட்டு, இனி காடு தானாக வரும் என்று காத்திருந்தார்கள்.

வரவில்லை. ஆடு கடிக்காத புல் தாறுமாறாக வளர்ந்தது. பிராக்கன் என்கிற பெரணி அதோடு சேர்ந்துகொண்டு மண்டியது. விழுந்த விதை தலை தூக்க இடமில்லை. இயற்கையை அதன் போக்கில் விட்டார்கள்தான்; அதன் போக்கு புதராக இருந்தது.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ஜான் கிரெய்க், நீல் மிட்செல் என்ற இரண்டு பேர் வேறொரு யோசனை சொன்னார்கள். சரணாலயத்தைப் பூட்ட வேண்டாம், பொதுமக்களைக் கூப்பிட்டு நடச் சொல்லுவோம். 1984 முதல் 1994 வரை பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் படகேறி வந்து ஏறக்குறைய 2,80,000 கன்றுகளை நட்டார்கள். கலங்கரை விளக்கத்தைக் கவனித்துவந்த ரே வால்டர்தான் நாற்றங்காலையும் பார்த்துக்கொண்டார். அதற்கான விதைகளைப் பெரும்பாலும் அந்தத் தீவிலேயே பொறுக்கினார்கள். நாற்றுப் பண்ணைக்குப் போன் போட்டு “ஆயிரம் கன்று, எது இருந்தாலும் அனுப்புங்க” என்று சொல்லவில்லை.

நாமும் நடுகிறோமே என்பீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் வருஷா வருஷம் சுற்றுச்சூழல் தினத்துக்கு மரம் நடப் போவோம். டீ-ஷர்ட் உண்டு, பேனர் உண்டு, மதியம் பிரியாணியும் உண்டு. இரண்டாவது வருஷம் போனபோது போன வருஷத்துக் குழிகளிலேயே நட்டோம். தோண்டுகிற வேலை மிச்சம். மென்பொருள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்: புதுசாக ஒன்றை வெளியிடுகிற நாளில் கேக் வெட்டுவார்கள், அதற்கப்புறம் பத்து வருஷம் அதைப் பராமரிக்கிறவனுக்கு ஒரு மின்னஞ்சல்கூட வராது. சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஜேசிபி முன்னால் எத்தனை செல்ஃபி! விட்டுவைத்த அடிக்கட்டைகள் அடுத்த மழைக்கே தளிர்த்துவிட்டன. அப்போது யாரும் படம் எடுக்கவில்லை.

டிரிட்டிரியில் நட்டது சுலபமான பாதி. மீதிப் பாதியைப் பேச நம் ஆட்களுக்குக் கூச்சம். கொல்ல வேண்டும். மாவோரிகளின் முன்னோரோடு படகில் வந்த கியோரே எலி விதையைத் தின்றது, நாற்றைத் தின்றது, பூச்சி பல்லிகளையும் விடவில்லை. 1993இல் ஹெலிகாப்டரில் விஷத் தூண்டில் தூவி அந்த எலியை முழுவதுமாக ஒழித்தார்கள். அந்த விஷத்தில் புகேகோ என்கிற உள்நாட்டுப் பறவைகளும் செத்தன. இதை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தீவான ஹவுத்துருவில் இதே எலியை ஒழிக்கத் திட்டமிட்டபோது மாவோரிகளிடமிருந்து எதிர்ப்பு வந்தது: அது எங்கள் முன்னோர் கொண்டுவந்த உயிர், எங்கள் பாரம்பரியம் என்றார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய வாதம் இது.

இன்னொரு சங்கடமும் எனக்குப் புரிகிறது. ‘அயல் உயிரை விரட்டு, மண்ணின் உயிரைக் காப்பாற்று’ என்று கேட்டால் அரசியல் காது உள்ளவருக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கத்தான் வேண்டும். ஆனால் எலி மேல் யாரும் பூர்வீக வழக்குப் போடவில்லை. வௌவால் தவிர வேறு தரைப் பாலூட்டியே இல்லாத நாடு அது. பல பறவைகள் தரையிலோ தாழ்வான பொந்திலோதான் கூடு வைக்கும். எலியிடமிருந்து தப்பிக்கும் பழக்கம் அவற்றுக்கு வாய்க்கவே இல்லை. மனிதர்கள் கப்பலில் எலியைக் கொண்டுவந்து இறக்கியதன் விளைவு இது. இறக்கியவர்களே பொறுப்பெடுக்க வேண்டும் என்பதில் என்ன இனவாதம்?

இன்றைக்கு அங்கே டியெக்கே இருக்கிறது. ஒருகாலத்தில் அதன் வடக்குத் தீவு இனம் ஒரே ஒரு தீவில்தான் மிஞ்சியிருந்தது. அழிந்தேபோயிற்று என்று எழுதிவைத்து, 1948இல் திரும்பக் கண்டுபிடித்த தகாஹே மேய்கிறது. அதற்காகவே கொஞ்சம் புல்வெளியை நடாமல் விட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் மரம் நடுவதுதான் சூழலியல் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஹவுத்துருவில் மட்டும் எஞ்சியிருந்த ஹிஹியை 1995இல் கொண்டுவந்தார்கள். நட்ட காடு இன்னும் இளசு, பொந்துள்ள கிழமரங்கள் போதாது. அதனால் மரப்பெட்டிதான் கூடு. பூந்தேனும் பற்றாது, சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வைக்கிறார்கள். 2000இல் அர்ஜென்டினா எறும்பு தீவுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. ஒரு எறும்பின் பின்னால் பத்து வருஷத்துக்கும் மேலாக அலைந்தார்கள்! இத்தனைக்கும் நடுவில் யார் வேண்டுமானாலும் படகேறிப் போய்ப் பார்க்கலாம். செருப்பைத் துடைத்து, பையைத் திறந்து எலி, எறும்பு, விதை இல்லையென்று பார்த்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

“அது பணக்கார நாடு, ஆளில்லாத் தீவு. இங்கே சரிப்படுமா?” நியாயமான கேள்வி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக்கினோம். அதற்கு முன்பே அந்தத் தீவுகளையொட்டி மூழ்கி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்துவந்த ராமநாதபுரத்துப் பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். வெளியூர்ப் பாசியான கப்பாபைகஸ் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிக் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்தபோது, அதற்கு வனத்துறை அனுமதிச்சீட்டு தேவைப்படவில்லை. அந்தக் கடலின் அடித்தரையை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் யார்? எந்தப் பாசி எந்தப் பாறையில் எந்த மாதத்தில் இருக்கும் என்று அறிந்தவர்கள் யார்? மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்களும் அந்தப் பெண்கள்தானே?

வேலி போடுகிற அதிகாரியும், தானாகச் சரியாகும் என்கிற கவிஞரும் எனக்கு ஒரே கட்சியாகத்தான் தெரிகிறார்கள். மனிதக் கை படாமல் இருந்தாலே போதும் என்று இரண்டு பேரும் நம்புகிறார்கள். பவளத்தில் ஒட்டிய பாசியை யாராவது தண்ணீருக்குள் இறங்கிக் கையால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் மறுபடி முளைக்கிறதா என்று அடுத்த மாதமும் மூழ்கிப் பார்க்க வேண்டும். அந்த வேலையை ஊதியத்தோடும் உரிமையோடும் பாசி எடுக்கும் பெண்களிடம் கொடுங்கள். அபராத ரசீதுப் புத்தகத்தை முதலில் உள்ளே வையுங்கள்.