பக்கவாதம் வந்தால் நாலரை மணி நேரம்தான்... சுந்தரபாண்டியத்தில் இருப்பவருக்கு அதில் மிஞ்சுவது எவ்வளவு?

ராத்திரி சாப்பிட்டு நல்லாத்தான் படுத்தார். விடிந்து பார்த்தால் வாய் கோணியிருக்கிறது, ஒரு கை தூக்க வரவில்லை. "காத்து பட்டுருக்கும், வெயில் ஏறட்டும் பார்க்கலாம்" என்கிறார்கள் வீட்டில். பக்கவாத சிகிச்சை கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நாலரை மணி நேரம் என்பது என்ன கணக்கு?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிகிச்சை இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிவதாக ஆய்வுகள் கணக்கிடுகின்றன. தூக்கத்தில் வந்திருந்தால், அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

ஊசியை உடனே போட்டுவிட முடியாதா?

முடியாது. பக்கவாதம் அடைப்பாலும் வரும், ரத்தக்கசிவாலும் வரும். வெளியே தெரியும் அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுதான். கசிவு இருப்பவருக்கு இந்த ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. எது என்று சொல்வது சி.டி. ஸ்கேன். வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

சுந்தரபாண்டியத்தின் கணக்கு

நரம்பியல் துறை உள்ள மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை சுமார் 70 கி.மீ. தூரம். மொத்தம் 270 நிமிடம். மருத்துவமனைக்குள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிந்து ஊசி போட 60 நிமிடம். பயணம் 90 நிமிடம் என்று வைத்தால், மிச்சம் 120 நிமிடம். அறிகுறியைக் கவனிப்பது, ஆம்புலன்ஸ் வருவது எல்லாம் இதற்குள்தான். நடுவில் ஸ்கேன் இல்லாத இடத்தில் இறங்கி, "மதுரைக்குக் கொண்டு போங்க" என்று அனுப்பப்பட்டால் அதுவும் கரைந்துவிடும்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு வாய்ப்பு. ஆனால், கட்டடம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைவிட, அந்த நேரத்தில் ஸ்கேனும் ஊசியும் தயாரா என்பதே முக்கியம்.

ஒவ்வொரு ஊரிலும் நரம்பியல் மருத்துவர் வேண்டுமா?

அவசியமில்லை. ஹிமாச்சலப் பிரதேச மாவட்ட மருத்துவமனைகளில், ஸ்கேன் படத்தை செல்போனில் பார்த்து நிபுணர் வழிகாட்ட, அங்குள்ள மருத்துவரே ஊசி போட்டிருக்கிறார். அல்டெப்ளேஸ் மருந்தை ஒரு மணி நேரம் செலுத்த வேண்டும். டெனெக்டிப்ளேஸ் ஒரே ஊசி. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் போன்ற வட்டார அரசு மருத்துவமனைகளைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இரவிலும் ஸ்கேன், கையிருப்பில் ஊசி, போனில் நிபுணர் - மூன்றும் இருக்கிறதா? இருந்தால் பயணத்தில் போகும் நேரத்தில் பெரும்பகுதி சிகிச்சைக்குத் திரும்பக் கிடைக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும்?

* சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள். ஒன்று தவறினாலும் 108-ஐ அழையுங்கள்.
* கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துவையுங்கள்.
* தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வேண்டாம், புரையேறலாம்.
* ஸ்கேனும் ஊசியும் உள்ள மருத்துவமனை எது என்று ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரையும் அதிலேயே கிடைக்கும். அதை விடாமல் சாப்பிட்டால் அடுத்த பக்கவாதம் வரும் அபாயம் குறையும்.